தங்க முத்திரை இருக்கிற ‘முதல் பதிப்பு’: நான் ஏமாந்த கதை

பழைய படப் புத்தகங்களை, அதிலும் விருது வாங்கிய ஓவியர்களுடையதைத் தேடித் தேடி வாங்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். பாதித் தப்பு என்னுடையதுதான், அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

க்ரிஸ் வான் ஆல்ஸ்பர்க்கின் புத்தகங்களை நானும் என் மகளும் சில வருடங்களாகச் சேர்க்கிறோம். ‘ஜுமான்ஜி’ என்றால் பலருக்கு 1995இல் வந்த ராபின் வில்லியம்ஸ் படம்தான் ஞாபகம் வரும். அதற்கு மூலம் இவர் 1981இல் எழுதி வரைந்த கறுப்பு வெள்ளைப் படப் புத்தகம். பின்னால் வந்த பிரதிகள் எளிதாகக் கிடைக்கின்றன. எனக்கு வேண்டியிருந்தது முதல் அச்சு. ஆசை, வேறென்ன.

இணையத்தில் ஒருவர் விற்பனைக்குப் போட்டிருந்தார். “1981, முதல் பதிப்பு, மேலுறையோடு, மிக நல்ல நிலை.” கூடவே ஒரே ஒரு படம், முன்னட்டை மட்டும், அதில் வட்டமாகத் தங்க நிற முத்திரை, கால்டிகாட் பதக்கம் என்ற விருதின் அடையாளம். ஆகா, பதக்கமும் சேர்ந்தே இருக்கிறது என்று சந்தோஷப்பட்டுப் பணத்தைக் கட்டிவிட்டேன்.

அங்கேதான் கோட்டை விட்டேன். கால்டிகாட் பதக்கம் என்பது அமெரிக்க நூலகச் சங்கம் 1938இலிருந்து கொடுத்துவருவது. முந்தைய ஆண்டு வெளியான படப் புத்தகங்களில் சிறந்ததற்கு, மறு ஆண்டு தொடக்கத்தில் அறிவிப்பார்கள். ‘ஜுமான்ஜி’க்கு 1982இல் கிடைத்தது. அப்படியென்றால் 1981இல் அச்சகத்தை விட்டு வெளியே வந்த பிரதியின் உறையில் அந்த முத்திரை எப்படி அச்சாகியிருக்கும்? கடைக்காரரோ நூலகமோ பிற்பாடு ஸ்டிக்கராக ஒட்டியிருக்கலாம், அது வேறு விஷயம். ஒட்டியதா அச்சானதா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், நான் கேட்கவில்லை. இவருடைய இன்னொரு புத்தகமான ‘போலார் எக்ஸ்பிரஸ்’ தேடுகிறவர்களுக்கும் இதே கணக்குதான்: புத்தகம் 1985, பதக்கம் 1986.

பார்சல் வந்தது. படத்தில் பார்த்த புத்தகமே இல்லை. உள்ளே நூலக முத்திரை, கடைசிப் பக்கத்தில் அட்டை செருகும் பையைப் பிய்த்த பசைத் தழும்பு, உறைக்கு மேல் பிளாஸ்டிக் போட்டு அதை அட்டையோடு சேர்த்து டேப் ஒட்டியிருந்தார்கள். திறந்தாலே பூஞ்சை வாடை. நூலகம் கழித்துக்கட்டிய புத்தகத்தை நான் குறை சொல்லவில்லை, என்னிடமே அப்படி நிறைய இருக்கின்றன, ஆனால் அதை அப்படியே சொல்லி அந்த விலைக்கு விற்க வேண்டும். காப்புரிமைப் பக்கத்தின் அடியில் ஒரு வரிசை எண்கள் இருக்கும் பாருங்கள், 10 9 8 என்று இறங்கி வருவது, அதில் மிச்சமிருக்கிற மிகச் சிறிய எண்தான் எத்தனையாவது அச்சு என்பது. முதல் அச்சென்றால் 1 இருக்க வேண்டும். என் பிரதியில் 10ஐவிடச் சிறிய எண் ஒன்றுமே இல்லை. இதைக் கேட்டால், “1981 என்று போட்டிருக்கிறதே சார்” என்று பதில். எத்தனை முறை மறுஅச்சு போட்டாலும் அந்தக் காப்புரிமை வருடம் மாறாமல் அப்படியே இருக்கும், அது அவருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

பெரிய அடி அதற்கப்புறம்தான். வான் ஆல்ஸ்பர்க்கின் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு புல் டெரியர் நாய் எங்கேயாவது ஒளிந்திருக்கும், அதைக் கண்டுபிடிப்பது எங்கள் வீட்டு விளையாட்டு. மகள் பக்கம் பக்கமாகத் தேடிக்கொண்டே வந்தவள், “பாம்பு வருதுன்னு போட்டிருக்கு, பாம்பைக் காணோமே” என்றாள். வாங்கிப் பார்த்தால், தையலை ஒட்டி பிளேடால் சுத்தமாக வெட்டிய தடம். மலைப்பாம்புப் படம் இருந்த தாளை யாரோ எடுத்துவிட்டிருக்கிறார்கள். சட்டம் போட்டு மாட்ட இப்படி வெட்டி விற்கிறவர்கள் உண்டு. இந்த மாதிரிப் புத்தகங்களில் பெரும்பாலும் பக்க எண் கிடையாது, அதனால் புரட்டிப் பார்க்கிற வேகத்தில் ஒரு தாள் போனது தெரியவே தெரியாது.

திருப்பி அனுப்புகிறேன் என்றேன். விற்றவர் மறுக்கவே இல்லை, மரியாதையாகத்தான் பேசினார். “பார்த்துச் சொல்கிறேன்”, “இன்னொரு படம் அனுப்புங்கள்”, “வெளியூரில் இருக்கிறேன்”. இப்படியே இழுத்ததில் திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது. முடிந்த மறுநாளே தொனி மாறியது: கால்வாசிப் பணம் தருகிறேன், மோசமாக விமர்சனம் எழுதாதீர்கள் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுதினேன். நீங்கள் மாட்டிக்கொண்டால் பேச்சுவார்த்தையில் நாளைக் கடத்தாமல் முதல் நாளே தளத்தில் முறையாகப் புகார் பதிந்துவிடுங்கள், பேசுவதை அப்புறம் பேசலாம்.

வாங்கும் முன் நான் இப்போது கேட்பது: காப்புரிமைப் பக்கம், உறையின் உள்மடிப்பு, பின்பக்க உள்ளட்டை, இந்த மூன்றின் படம், கையிலிருக்கிற அதே பிரதியிலிருந்து. உள்மடிப்பில் விலையே அச்சாகாமல் இருந்தால் புக் கிளப் பதிப்பாக, அதாவது சந்தா கட்டிய உறுப்பினர்களுக்காகத் தனியாக அச்சிட்டதாக இருக்கலாம், மூலையை வெட்டியிருந்தால் ஏன் வெட்டினார்கள் என்று கேட்க வேண்டும். எல்லாத் தாளும் இருக்கிறதா என்று எழுத்தில் வாங்கிக்கொள்கிறேன். இதற்கு எரிச்சல்படுகிற ஆளிடம் வாங்குவதில்லை.

நேற்றுப் பார்த்தேன், அதே முன்னட்டைப் படத்தோடு, அதே வரிகளோடு அவர் மறுபடியும் போட்டிருக்கிறார். “ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது, முந்துங்கள்” என்பது மட்டும் புதிது.