டோர் பேடைக் கழற்ற உதவும் நைலான் நெம்பு கருவிகள்: நான்கு கதவுகளைக் கழற்றிப் பார்த்த பின்

சென்ற ஆண்டு என் காரின் ஓட்டுநர் பக்கக் கண்ணாடி பாதியில் நின்றுவிட்டபோது, பட்டறையில் ஒருவர் கதவின் உட்புறத்தை மூடும் பலகையான டோர் பேடைக் கழற்ற, தட்டை ஸ்க்ரூ டிரைவரை அதன் கீழ் ஓரத்தில் செருகி ஒரே மூச்சில் நெம்பினார். கண்ணாடி சரியானது. ஆனால் டோர் பேடின் ஓரத்தில் நகத்தளவுக்கு வெளுத்துப்போன ஒரு மடிப்பும், அதற்கு நேரே கதவுத் தகட்டில் பெயிண்ட் உரிந்த ஒரு கோடும் தங்கிவிட்டன; மழைக்காலம் முடிவதற்குள் அந்தக் கோட்டில் துருவும் ஏறியது. ஆகவே கதவுகளுக்குள் இருக்கும் ஸ்பீக்கர்களை மாற்ற வேண்டி வந்தபோது வேலையை நானே செய்வதென்று முடிவெடுத்து, ஐந்து துண்டுகள் கொண்ட ஒரு நைலான் கருவித் தொகுப்பை இணையத்தில் 349 ரூபாய்க்கு வாங்கினேன்.

ஐந்தில் எனக்கு உண்மையாகவே உழைத்தவை இரண்டு. முதலாவது, இரண்டு விரல் அகலமுள்ள தட்டையான பட்டை. ஸ்க்ரூ டிரைவரின் முனை முழு விசையையும் ஒரு புள்ளியில் இறக்குகிறது. இந்தப் பட்டை அதே விசையை அகலமாகப் பரப்புவதால் பிளாஸ்டிக் வெளுப்பதில்லை, எஃகைவிட நைலான் மென்மையானதால் பெயிண்டும் எளிதில் கீறுவதில்லை. ஆயினும் முனையில் மணல் ஒட்டியிருந்தால் கீறல் விழும் என்பதால், கதவு ஓரத்தைத் துடைத்துவிட்டு மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்வது நல்லது. இரண்டாவது, பாம்பின் நாக்கைப் போல முனை பிளவுபட்ட கருவி. பட்டையால் சிறிது இடைவெளி உண்டாக்கி, டார்ச் அடித்து, பேடைக் கதவுத் தகட்டோடு பிடித்திருக்கும் கிளிப் இருக்கும் இடத்தைக் கண்டு, இந்தப் பிளவை அதன் கழுத்தில் இருபுறமும் பொருந்தும்படி செலுத்தி மெல்ல அழுத்தினால், ‘டப்’ என்ற சத்தத்தோடு கிளிப் முழுதாக வெளியே வருகிறது. கிளிப்பை விட்டு விலகி நெம்பினால், கிளிப் தகட்டிலேயே நின்றுவிட, பேடின் பின்புறத்தில் அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் தாங்கி பிய்ந்து போகும். கிளிப்பை மாற்றிவிடலாம், அந்தத் தாங்கியை மாற்ற வழியில்லை.

மெல்லிய ஆப்பு வடிவத் துண்டு ஏமாற்றமளித்தது. இரண்டாம் கதவிலேயே அதன் முனை வளைந்து மடங்கியது. பவர் விண்டோ சுவிட்ச் பலகையைத் தூக்குவதற்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம். மற்ற இரண்டையும் தொட வேண்டிய தேவையே எனக்கு ஏற்படவில்லை.

தொகுப்புடன் வந்த தாளில் கருவிகளின் படங்கள் உள்ளனவே தவிர, எந்த வரிசையில் வேலை செய்வது என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. இதை நான் பெரிய குறையாகவே கருதுகிறேன். ஏனெனில் மறைந்திருக்கும் ஸ்க்ரூவை எடுக்காமல் நெம்புவதால் பல நேரம் சேதம் நேர்கிறது. உள்பக்கக் கைப்பிடியின் குழிவில் ஒன்று, கதவை இழுத்துச் சாத்தும் பிடியின் அடியில் சிறு மூடிக்குப் பின்னால் ஒன்று என்று பல கார்களில் ஸ்டார் ஸ்க்ரூக்கள் ஒளிந்திருக்கும். என் காரின் பின்கதவுகளில் கண்ணாடியைக் கையால் சுற்றும் வகை. அந்தக் கைப்பிடியைக் குதிரை லாட வடிவிலான ஒரு கம்பி லாக் பிடித்திருக்கிறது. அதற்கு இந்தத் தொகுப்பில் கருவி இல்லை. பழைய பருத்தித் துணியைக் கைப்பிடிக்கும் பேடுக்கும் நடுவே நுழைத்து, செருப்புத் துடைப்பதைப் போல இருபுறமும் மாறிமாறி இழுத்தபோது லாக் தெறித்து வந்தது. அது காணாமல் போகாமலிருக்க மற்றொரு கையால் மூடிக்கொள்ள வேண்டும்.

கிளிப்புகள் அனைத்தும் விடுபட்ட பின் பேடை நேராக இழுக்கக் கூடாது. பல கார்களில் அதன் மேல்விளிம்பு, கண்ணாடியை ஒட்டிய ரப்பர் பட்டையான பீடிங் ஓரமாகத் தகட்டில் கொக்கிபோல் மாட்டியிருப்பதால், மேல்நோக்கித் தூக்கியே எடுக்க வேண்டும். எடுத்த உடனும் கொண்டுபோய்விட முடியாது. சுவிட்சின் ஒயர் இணைப்பான கப்ளரும் கைப்பிடிக் கேபிளும் பின்னால் தொங்கும். கப்ளரின் லாக்கை அழுத்திக் கழற்ற வேண்டுமே அன்றி ஒயரைப் பிடித்து இழுக்கலாகாது. பக்கவாட்டு ஏர்பேக் உள்ள சில கார்களில் மோதல் சென்சார் கதவுக்குள்ளேயே இருக்கும். அவற்றில் இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருந்த பின்னரே கை வைக்க வேண்டும்.

பேடுக்குப் பின்னால் கறுப்புப் பசையால் ஒட்டிய பாலிதீன் தாளைப் பலர் குப்பையாக நினைத்துக் கிழித்துவிடுகிறார்கள். கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கும் மழைநீர் காருக்குள் வராமல் தடுத்து, அடியிலுள்ள துளைகள் வழியே வெளியேறச் செய்வது அந்தத் தாள்தான். பட்டைக் கருவியின் அகன்ற முனையால் பசையை மெல்ல அறுத்துக்கொண்டே பாதி அளவுக்குப் பிரித்தேன். திரும்ப அழுத்தியபோது நன்றாக ஒட்டிக்கொண்டது. இந்த வேலைக்கு இக்கருவி எதிர்பாராத அளவுக்கு ஏற்றதாக இருந்தது.

நான்கு கதவுகளிலும் பேடில் புதிய கீறலோ வெளுப்போ இல்லை. ஆண்டுக்கணக்கில் வெயிலில் காய்ந்து விறைத்துப்போன மூன்று கிளிப்புகள் மட்டும் உடைந்தன. அதில் கருவியின் குறை ஏதுமில்லை. சென்னையில் இருப்பவர்களுக்குக் கார் உதிரிபாகங்கள் விற்கும் ஜி.பி. ரோடு கடைகளில் கிளிப்புகள் கிடைக்கும். முதலில் ஒரு கிளிப்பை மட்டும் கழற்றி மாதிரிக்கு எடுத்துச் சென்று, தலையின் அகலமும் கழுத்தின் நீளமும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்து, மற்றவற்றில் கை வைக்கும் முன்பே பத்து கிளிப்புகளையாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள்.