பாதி முடிந்த வர்ணத்தை எங்கே காட்டுவது: ரீல்ஸா, யூடியூப் லிங்க்கா, ஜூமா?

பரதநாட்டியக் கச்சேரியின் நீண்ட, முக்கிய உருப்படியான வர்ணம் ஒன்றைப் புதிதாகப் பாதி வரை அமைத்ததும், இது சரியாகத்தான் போகிறதா என்று யாருக்காவது ஆடிக் காட்டத் தோன்றும். பள்ளியோ குழுவோ பின்னால் இல்லாமல் தனியாக ஆடுகிறவர்களுக்கு அதற்கென்று ஓர் இடம் கிடையாது. சபாக்கள் முடிந்த நிகழ்ச்சியைத்தான் கேட்கும். ஹால் எடுக்கும் வாடகையில் மிருதங்கக்காரருக்கு இன்னொரு ஒத்திகைப் பணம் கொடுத்துவிடலாம். 2020 ஊரடங்கில் எல்லாரும் ஆன்லைனுக்குப் போனபோது நாங்களும் போனோம். அப்புறம் மேடைகள் திறந்துவிட்டன. ஆனாலும் வேலை நடக்கும்போதே திரையில் காட்டும் பழக்கம் எங்களில் பலரிடம் தங்கிவிட்டது. தங்கியது நல்லதுதான்.

ஒரே வர்ணத்தை மூன்று வழியிலும் காட்டியிருக்கிறேன். மூன்றையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் அளக்கிறேன்: காட்டிய மறுநாள் ஒத்திகையில் நான் எதையாவது மாற்றினேனா?

முதலில் இன்ஸ்டாகிராம், ஏனென்றால் எல்லாரும் முதலில் போகும் இடம் அதுதான். அங்கே முதல் சிக்கல் திரையின் வடிவம். நாட்டியாரம்பம் என்னும் தொடக்க நிலையில் இரண்டு கையையும் நீட்டினால் ஐந்தரை அடி அகலம் வேண்டும். செங்குத்தாகப் பிடித்த போனில் அந்த அகலம் அடங்கும் தூரத்துக்குப் போனால், படத்தின் உயரம் பத்தடி ஆகிவிடும். முழங்காலை மடித்து அரைமண்டியில் உட்கார்ந்தவளின் உயரம் அதில் பாதிகூட வராது. தலைக்கு மேலே வெறும் சுவர், முகம் நகக்கண் அளவு, கண் எங்கே போகிறது என்பதே தெரியாது. கிட்டே போனால் முகம் தெரியும், கால் போய்விடும். தாளச் சொற்களுக்குக் கால் போடும் பகுதிதான் ஜதி; காலைப் பார்க்காமல் அதைப் பற்றி யார் என்ன சொல்ல முடியும்?

அடுத்தது நேரம். ரீல்ஸ் 2020 ஜூலையில் இந்தியாவுக்கு வந்தபோது 15 வினாடிதான். 2025 ஜனவரியில் 3 நிமிடம் ஆனது. மூன்று வேகத்தில் ஆடும் திரிகால ஜதியை அதில் அடக்கிவிடலாம். சஞ்சாரி அடங்காது. பாட்டின் ஒரே வரியைப் பிடித்துக்கொண்டு அபிநயத்தில் ஆறேழு நிமிடம் மெதுவாக விரிவதுதான் சஞ்சாரி, அதை வெட்டிப் போட்டால் பிறகு அது சஞ்சாரியே இல்லை. என்ன ஆயிற்றென்றால், நான் ஜதிகளை மட்டுமே போட்டேன். ஜதிகளுக்கு இதயமும் தீ பொம்மையும் வந்து குவிந்தன. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால், ஜதியை முடிக்கும் என் தீர்மானங்கள் எல்லாம் படம் எடுக்க வாகான ஒரு நிலையில் போய் நிற்க ஆரம்பித்திருந்தன. யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. உடம்பு தானாகக் கற்றுக்கொண்டுவிட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

லைவ் போகலாமே என்பீர்கள். 2025 ஆகஸ்டிலிருந்து 1,000 பேர் பின்தொடரும் பொதுக் கணக்கு இருந்தால்தான் லைவ் போக முடியும். இப்போதுதான் தனியாக ஆடத் தொடங்கியிருக்கும் பெண்ணுக்கு அந்தக் கதவும் மூடித்தான் இருக்கிறது. மற்றபடி, நிகழ்ச்சித் தேதியை நாலு பேருக்குச் சொல்ல இன்ஸ்டாகிராமைப் போல வேறொன்று இல்லை. அதற்கு நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

யூடியூபில் வீடியோவை, தேடினால் வராத அன்லிஸ்டடாக ஏற்றி லிங்க்கை மட்டும் அனுப்பலாம். படுக்கைவாக்கில் எடுப்பதால் கையும் காலும் முழுதாக அடங்கும். 35 நிமிட வர்ணத்தை வெட்டாமல் போடலாம். நிமிடக் கணக்கோடு பதில் வருவது பெரிய வசதி. ‘12:40-ல் இடது மணிக்கட்டு தொங்குகிறது’ என்று ஒரு தோழி எழுதினார். போய்ப் பார்த்தேன், தொங்கத்தான் செய்தது. ஆனால் நிறுத்தி, பின்னால் ஓட்டிப் பார்க்கிறவர் கண்ணில் படுவது பெரும்பாலும் இந்த மாதிரிப் பிழைகள்தான். மேடைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு எந்த இடத்தில் கவனம் கலைகிறது என்பது அதில் தெரிவதில்லை. சலித்தவர் வீடியோவை நிறுத்திவிட்டு எழுந்து போயிருப்பார், என்னிடம் சொல்லவும் மாட்டார். ‘கட்டாயம் பார்க்கிறேன்மா’ என்ற பெரியவர்களில் பாதிப்பேர் இன்னும் பார்க்கவில்லை.

லிங்க் கை மாறுமே என்ற கவலையும் உண்டு. மாறும். பிரைவேட்டாக வைத்து மின்னஞ்சல் முகவரி கொடுத்து அழைக்கலாம், 50 பேர் வரை. யாராவது அமைப்பை எடுத்து ஆடிவிட்டால்? நம் 1957 பதிப்புரிமைச் சட்டம் நடன அமைப்பை நாடகப் படைப்பாகத்தான் கணக்கில் எடுக்கிறது, அது எழுத்திலோ வேறு வகையிலோ நிலைப்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்கிறது, திரைப்படத்தை அதில் சேர்ப்பதில்லை. ஆகவே வீடியோ இருந்தால் போதும் என்று இருந்துவிடாமல், ஜதிக் கோர்வைகளையும் சஞ்சாரிக் குறிப்புகளையும் தேதி போட்டு நோட்டில் எழுதி வையுங்கள்.

வாட்ஸ்அப் குழுவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வீடியோவைச் சுருக்கிவிடும், பேச்சு கல்யாணப் பத்திரிகைக்குத் தாவிவிடும். மாதச் சந்தா கட்டிப் பார்க்கும் தளங்கள் எனக்கு ஒத்துவரவில்லை. பணம் கொடுத்தவருக்கு அரைகுறையைக் காட்டக் கூச்சமாக இருக்கிறது, மெருகேற்றிவிடுகிறேன்.

கடைசியில் நான் வந்து நின்றது ஜூமில். பத்துப் பதினைந்து பேரை மட்டும் கூப்பிடுவது, ஆடுவது, அங்கேயே பேசுவது. வேலை கொஞ்சம் அதிகம். சத்தத்தைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். தாளம் தட்டும் தட்டுக்கழியின் அடியையும் தரையில் விழும் காலின் சத்தத்தையும் ஜூம் இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும். அமைப்பில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டே ஆகவேண்டும். பாட்டைக் கணினியிலிருந்து நேராகப் பகிராதீர்கள். படம் ஒரு வழியில், பாட்டு ஒரு வழியில் போய், ஜதிச் சொல்லுக்கு அப்புறம் கால் விழுகிற மாதிரித் தெரியும். அறையிலேயே ஸ்பீக்கரில் ஓடவிட்டு, இரண்டையும் ஒரே மைக் வாங்கட்டும். தாளம் போட்டு ஆட்டத்தை நடத்தும் நட்டுவனார் தன் வீட்டிலிருந்து நேரடியாக ஜதி சொல்வதை மறந்துவிடுங்கள், தாமதத்தில் தாளம் நிற்காது. இலவசக் கணக்கில் 40 நிமிடம்தான் என்பதால் வர்ணத்துக்கு ஒரு லிங்க், பேச்சுக்கு இன்னொன்று.

பேச்சுக்கு ஒரு முறை வேண்டும். லிஸ் லெர்மன் என்ற அமெரிக்க நடன இயக்குநர் 1990 வாக்கில் உருவாக்கியதை நான் எடுத்துக்கொண்டேன். நாலு படி: பார்த்தவர்கள் மனதில் நின்றதைச் சொல்வார்கள், ஆடியவர் கேள்வி கேட்பார், பார்த்தவர்கள் அபிப்பிராயம் கலக்காத கேள்வி கேட்பார்கள், கடைசியில், அனுமதி கேட்டு, அபிப்பிராயம். நமக்கு இது ரொம்பத் தேவை. நம்மிடம் ‘நன்னா இருந்தது’ என்பார்கள், இல்லையென்றால் ‘இதை மாத்து’ என்பார்கள். நடுவில் ஒன்றும் இருக்காது.

போன தடவை மூன்றாம் படியில், ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், நடனம் கற்காதவர், கேட்டார்: “ஏம்மா, அந்தக் கிளி எங்கே உட்கார்ந்திருந்தது?” நாயகி கிளியைத் தூது அனுப்பும் சஞ்சாரி அது. முதலில் வலது தோளில் வைத்துப் பேசினேன். இரண்டாம் முறை அதே வரிக்குக் கையில் இருந்தது. நடுவில் அது பறந்து வந்து இறங்கவே இல்லை. ரீல்ஸில் அந்தப் பகுதியை நான் போடவில்லை. யூடியூபில் பார்த்த தோழி மணிக்கட்டைத்தான் பார்த்தார்.

மறுநாள் காலை ஒத்திகையில் கிளி தோளிலிருந்து கிளம்பி, ஒரு வட்டம் சுற்றி, விரலில் வந்து இறங்கியது. அதற்கு நாலு ஆவர்த்தனம், அதாவது நாலு தாளச் சுற்று, கூடுதலாகத் தேவைப்பட்டது. பாடுபவரிடம் அந்த வரியை இன்னும் இரண்டு தடவை பாடித் தரச் சொல்லியிருக்கிறேன். பதிவு வந்ததும், அதே பதினைந்து பேருக்கு அடுத்த லிங்க்கை அனுப்ப வேண்டும்.