எவாஞ்செலியன்: பழைய டிவிடியா, நெட்ஃபிளிக்ஸா, ப்ளூ-ரேயா?

ஒரு லிஃப்ட். உள்ளே இரண்டு பெண்கள், ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி நிற்கிறார்கள். பேச்சில்லை, இசையில்லை. லிஃப்ட் ஓடும் சத்தம் மட்டும் கேட்கிறது. ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் படம் அப்படியே நிற்கிறது. ‘நியான் ஜெனசிஸ் எவாஞ்செலியன்’ என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரின் 22-ஆம் அத்தியாயத்தில் வரும் இந்தக் காட்சிக்காகத்தான் ப்ளூ-ரே பெட்டி வாங்கினேன் என்று சொன்னால் வீட்டில் யாரும் நம்புவதில்லை. உண்மை அதுதான்.

1995 அக்டோபரில் டிவி டோக்கியோவில் தொடங்கி 1996 மார்ச்சில் முடிந்த 26 அத்தியாயத் தொடர் இது. கைனாக்ஸ் நிறுவனம் தயாரிக்க, ஹிடேயாக்கி அன்னோ இயக்கினார். கதையை இங்கே சொல்லப் போவதில்லை. பார்த்தவர்களுக்குத் தேவையில்லை, பார்க்காதவர்களுக்குச் சொல்லக் கூடாது. என்னிடம் அமெரிக்காவில் வந்த பழைய ‘பிளாட்டினம்’ டிவிடி இருக்கிறது. 2019-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்தபோது அதிலும் முழுக்கப் பார்த்தேன். அப்புறம், ஜிகிட்ஸ் நிறுவனம் 2021 இறுதியில் வட அமெரிக்காவில் வெளியிட்ட ப்ளூ-ரேயை வாங்கினேன். மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எல்லோரும் முதலில் கேட்பதைச் சட்டென்று முடித்துவிடலாம். மூன்றிலுமே படம் பழைய டிவியின் 4:3 அளவில்தான் இருக்கும், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். அதை யாரும் வெட்டி அகலமாக்கவில்லை, நல்லவேளை. தொடரை ஒட்டி வந்த ‘தி எண்ட் ஆஃப் எவாஞ்செலியன்’ உள்ளிட்ட திரைப்படங்கள் நெட்ஃபிளிக்ஸிலும் வந்தன, ப்ளூ-ரேயிலும் உண்டு. ஒலியைப் பற்றி என்னால் பெரிதாகச் சொல்ல முடியாது. என் வீட்டில் இருப்பது இரண்டே ஸ்பீக்கர்.

இப்போது லிஃப்டுக்கு வருவோம். இந்தத் தொடர் கணினியில் வரைந்ததல்ல. ‘செல்’ எனப்படும் கண்ணாடி போன்ற தாளில் வரைந்து, வண்ணம் பூசி, ஒவ்வொரு ஃபிரேமாக ஃபிலிமில் எடுத்தது. ஒரே ஓவியத்தை ஆயிரம் முறை படமெடுத்தாலும் ஃபிலிமில் இருக்கும் கிரெயின், அதாவது அந்தப் பொடி மணல் போன்ற துகள்கள், ஒவ்வொரு ஃபிரேமிலும் வேறு இடத்தில் விழும். அதனால் அசையாத படத்திலும் ஏதோ ஒன்று மெல்ல நெளிந்துகொண்டே இருக்கும். சுவரும் மனிதர்களும் நிற்க, காற்று மட்டும் நிற்காதது போல.

வீடியோவைச் சுருக்கும் மென்பொருளுக்கு இந்த மணலைக் கண்டாலே ஆகாது. ‘இங்கே எதுவும் மாறவில்லை, முந்தைய ஃபிரேமையே திரும்பக் காட்டு’ என்று சொல்லித்தான் அது இடத்தை மிச்சப்படுத்துகிறது. மணலோ ஒவ்வொரு ஃபிரேமிலும் மாறுகிறது. அதை அப்படியே வைத்துக்கொள்ள நிறைய பிட் வேண்டும். ப்ளூ-ரேயில் படத்துக்கு மட்டும் விநாடிக்கு 40 மெகாபிட் வரை தரலாம். முழு எச்டி பார்க்க நெட்ஃபிளிக்ஸ் பரிந்துரைக்கும் இணைய வேகமே 5 மெகாபிட்தான். டிவிடியின் உச்சவரம்பு 10 மெகாபிட்டைத் தொடாது, சுருக்கும் முறையும் பழையது.

இந்தக் கணக்கு திரையில் எப்படித் தெரிகிறது? டிவிடியில் லிஃப்ட் சுவர் கொஞ்சம் மங்கல், ஓரங்களில் கட்டம் கட்டமாக உடைகிறது. நெட்ஃபிளிக்ஸில் கோடுகள் துல்லியம், ஆனால் சுவர் மெழுகு பூசியது மாதிரி வழவழவென்று உறைந்து நிற்கிறது. சில விநாடிக்கு ஒருமுறை லேசாக ஒரு துள்ளல், அப்புறம் மறுபடி உறைவு. முதல் முறை பார்த்தபோது இணையம் நின்றுவிட்டதோ என்று ரிமோட்டைத் தேடினேன். ப்ளூ-ரேயில் மணல் ஓடிக்கொண்டே இருக்கிறது. நேரம் போய்க்கொண்டிருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டு பேரும் பேசாமல் *நிற்பது* அப்போதுதான் உறைக்கிறது. 24-ஆம் அத்தியாயத்தில் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி ஒலிக்க, ஒரு நிமிடத்துக்கு மேல் ஒரே படம் நிற்கும் இடத்திலும் இதே கதைதான். காசும் காலமும் நெருக்கிய தொடர் என்பார்கள். இருக்கட்டும், அந்த நிற்றலில்தான் அதன் உயிர் இருக்கிறது.

இத்தனைக்கும் ப்ளூ-ரேயில் ஒரு பெரிய குறை உண்டு. ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும், நிலவு தெரியும் நீரில் ஒரு பெண்ணுருவம் சுழல, ‘ஃப்ளை மீ டு தி மூன்’ பாட்டு வரும். உரிமைச் சிக்கலால் நெட்ஃபிளிக்ஸில் அது போய்விட்டது, இந்த ப்ளூ-ரேயிலும் இல்லை. அதற்குப் பதில் தொடரின் பின்னணி இசையிலிருந்தே ஒரு பியானோத் துண்டு. மோசமில்லை, ஆனால் பழகிய காதுக்கு வெறுமை. டிவிடியில் பாட்டு பத்திரமாக இருக்கிறது.

சப்டைட்டிலும் மாறியிருக்கிறது. 24-ஆம் அத்தியாயத்தில் ஒரு பையன் இன்னொருவனிடம் சொல்லும் ‘சுகி’ என்ற ஜப்பானியச் சொல்லை டிவிடி ‘லவ்’ என்றது, புது மொழிபெயர்ப்பு ‘லைக்’ என்கிறது. 2019-இல் ஆங்கில ரசிகர்கள் இதற்காக அடித்துக்கொண்டார்கள். எனக்கென்னவோ தமிழ்க்காரர்களுக்கு இந்தச் சண்டையே வந்திருக்காது என்று தோன்றுகிறது. ‘உன்னைப் பிடிச்சிருக்கு’ என்று எழுதியிருந்தால் இரண்டும் அதற்குள் அடங்கியிருக்கும்.

வாங்க நினைப்பவர்கள் மண்டலக் குறியீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும், எந்தப் பகுதியின் பிளேயரில் வட்டு ஓடும் என்பதைச் சொல்வது அதுதான். இந்த வட அமெரிக்கப் பெட்டி ஏ மண்டலம். இந்தியா சி. சிங்கப்பூர், மலேசியா, கனடா எல்லாம் ஏ என்பதால் அங்கே இருப்பவர்களுக்குக் கவலையில்லை, ஐரோப்பாவில் பி. ‘எல்லா ரீஜனும் ஓடும் சார்’ என்று கடைக்காரர் சொன்னதை நம்பி ஒரு பிளேயர் வாங்கினேன். டிவிடிக்கு மட்டும்தான் எல்லா ரீஜனும். ப்ளூ-ரேயைப் போட்டால் ஒரே வரியில் மறுத்துவிட்டது. கடைசியில் சிங்கப்பூரிலிருந்து வந்த மச்சான் பெட்டியில் துணிகளுக்கு நடுவே ஒரு பிளேயர் வந்து சேர்ந்தது. அந்தச் செலவையும் கூட்டினால் இதைச் சிக்கனம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

முதல் முறை பார்க்கிறீர்கள் என்றால் நெட்ஃபிளிக்ஸே போதும், 26 அத்தியாயம் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவது முறையும் பார்ப்பேன் என்று தெரிந்தால் ப்ளூ-ரே. டிவிடியை இன்று தேடிப் பிடித்து வாங்கச் சொல்ல மாட்டேன், ஏற்கெனவே இருந்தால் விற்க வேண்டாம். ப்ளூ-ரே வட்டு எத்தனை வருடம் தாங்கும் என்று கேட்காதீர்கள், என்னிடம் வந்தே கொஞ்ச காலம்தான் ஆகிறது.

பாட்டுக்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். ப்ளூ-ரேயில் அத்தியாயம் முடிந்து பியானோ தொடங்கும்போது டிவியை மியூட் செய்துவிட்டு, ஃபோனில் அந்தப் பாட்டைத் தட்டிவிடுகிறேன். எத்தனை முறை முயன்றும் இரண்டு விநாடி பிந்திவிடுகிறது.