சாண எரிவாயு: சிலிண்டர் கணக்கும் தோட்டத்துக் கணக்கும்

அலங்காநல்லூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்தில் தினம் 2 கன மீட்டர் கேஸ் தரும் தீனபந்து கலன் (சாணத்தைக் கேஸாக்க மண்ணுக்குள் கட்டும் குவிமாடத் தொட்டி) ஏழெட்டு வருடமாக ஓடுகிறது. பார்க்க வருபவர்கள் எடுத்ததும் கேட்பது, "மாசம் எத்தனை சிலிண்டர் மிச்சம்ணே?" என்றுதான்.

காகிதக் கணக்குப்படி தினம் 50 கிலோ சாணம், அதே அளவு தண்ணீர். கிலோ சாணத்துக்குச் சுமார் 40 லிட்டர் கேஸ். ஒரு கன மீட்டர் சாண கேஸ் ஏறக்குறைய 430 கிராம் சமையல் கேஸுக்குச் சமம். ஆக மாதம் 25 கிலோவுக்கு மேல், 14.2 கிலோ சிலிண்டர் இரண்டுக்குக் கொஞ்சம் குறைவு. கட்டித் தருபவர்கள் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் எங்கள் வீட்டில் முன்பும் மாதம் ஒரு சிலிண்டர்தான் தீர்ந்தது. அதற்கு மேல் வருவதை விற்கவும் முடியாது, பிடித்து வைக்கவும் வழியில்லை. மிச்சம் ஒரு சிலிண்டர் காசு, அவ்வளவே. மார்கழிக் குளிரில் கேஸ் குறையும்போது அதுவும் முழுசாக இல்லை. விறகடுப்பு வீட்டுக்குப் புகையில்லாத அடுப்படிதான் லாபம்.

அந்தக் காசுக்குக் காலையில் வேலை இருக்கிறது. சாணத்தைக் கையால் கரைத்து, கல்லையும் வைக்கோல் துரும்பையும் பொறுக்கி எடுக்க வேண்டும். வைக்கோல் உள்ளே போனால் மேலே மிதந்து ஆடை கட்டி, கேஸை மறித்துவிடும். இதற்குக் கூலி ஆள் வைத்தால் சிலிண்டர் காசு போன இடம் தெரியாது. சில நாள் அடுப்பு 'தப் தப்' என்று துடிக்கும். குழாயில் நீர் கோத்திருக்கிறது என்று அர்த்தம்; தாழ்வான இடத்தில் உள்ள வால்வைத் திறந்துவிட்டால் சரி.

என்னைக் கேட்டால் கணக்கை, கேஸ் போன பிறகு சாணக் கழிவு வந்து சேரும் வெளித்தொட்டியில் இருந்து தொடங்க வேண்டும். கேஸாகப் போவது பெரும்பாலும் கரிமம்தான். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து எல்லாம் கழிவிலேயே தங்கும். அதே சாணத்தைக் குப்பைக் குழியில் போட்டால் மதுரை வெயிலுக்குத் தழைச்சத்தில் கணிசமான பங்கு காற்றோடு போய்விடும். டிராக்டர் லோடாகச் சாணத்தை விற்றால் காசு ஒரு தடவை வரும், சாணமும் போய்விடும். கலனில் போட்டால் அடுப்பும் எரிகிறது, உரமும் நம்மிடமே.

ஆனால் இந்த உரத்தை யூரியா விலையில் மதிப்பிட்டால் ஒன்றும் தேறாது. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசுக்கு மானியத்தில் கிடைக்கிறதே! தழைச்சத்தோடு மணிச்சத்தும் உள்ள டிஏபி உரம் மூட்டை 1,350 ரூபாய் என்பதால் அதோடு வைத்துப் பார்த்தால் கொஞ்சம் நியாயம் தெரியும். நான் கழிவை வாய்க்கால் தண்ணீரோடு கலந்து மல்லிகைக்கு விடுகிறேன். டிஏபி வாங்குவது பாதியாகக் குறைந்தது. மண் முன்பு போல இறுகுவதில்லை, தண்ணீர் நின்று இறங்குகிறது. தொட்டிக்கும் பாத்திக்கும் தூரம் இருந்தால் சுமக்கும் கூலியே இந்த லாபத்தைத் தின்றுவிடும். கலனை வாய்க்காலுக்குப் பக்கத்தில் கட்டுங்கள்.

கட்டும் செலவு, மானியம் எல்லாம் இதற்கு அடுத்ததுதான். நாலைந்து மாடு வருடம் முழுக்கக் கட்டுத்தறியில் நிற்குமா என்று முதலில் பாருங்கள். (ஜல்லிக்கட்டுக் காளையையும் சேர்த்துக்கொள்ளலாம், செலவு மட்டுமே வைக்கிற அதனிடமிருந்து வரும் ஒரே வரவு இது.) மேய்ச்சலுக்குப் போகிற மாடு சாணத்தில் பாதியைக் காட்டில் விட்டுவிட்டு வரும். பக்கத்துத் தோட்டத்தில் கலன் கட்டி இரண்டாம் வருடமே தீவன விலை தாங்காமல் மாடுகளை விற்றார்கள். குழி வெட்டின கூலிகூடத் திரும்பவில்லை.