நள்ளிரவில் நாய்க்குப் பிரசவச் சிக்கல்: பெங்களூர் இரவு மருத்துவமனை ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

பெங்களூரில் 24 மணி நேரமும் திறந்திருப்பதாகப் பலகை வைத்திருக்கும் செல்லப்பிராணி மருத்துவமனைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இரவு இரண்டு மணிக்கு உள்ளே இருப்பது காவலாளியும் ஓர் உதவியாளரும் மட்டும்தானா, அறுவை சிகிச்சை செய்யக்கூடிய மருத்துவரும் இருக்கிறாரா என்பதை அந்தப் பலகை சொல்லாது. குட்டி போட முடியாமல் திணறும் நாயைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான். அல்சூரில் வசிக்கும் நாங்கள் எங்கள் ஸ்பிட்ஸ் நாயை அப்படிக் கொண்டுசென்றது இந்திராநகர்ப் பக்கம் உள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்கு. குறைகளையும் சொல்லப்போவதால் அதன் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். எதை எதை வைத்து அந்த இடத்தை எடைபோட்டேன் என்பதைப் படித்தால், உங்கள் பகுதியில் உள்ள மருத்துவமனையையும் நீங்களே எடைபோட்டுக்கொள்ளலாம்.

அங்கு எனக்கு மிகவும் பிடித்தது கருவிகளோ கட்டடமோ அல்ல, தொலைபேசியை எடுத்தவர். கன்னடத்தில் பேசத் தொடங்கி, என் தடுமாற்றத்தைக் கேட்டதும் தமிழுக்கு மாறிய அந்தப் பெண், "உடனே கூட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிடவில்லை. இணை சேர்ந்த தேதி, இது எத்தனையாவது ஈற்று, உடல் வெப்பம் எப்போது இறங்கியது, எக்ஸ்ரேயில் எத்தனை குட்டிகள் தெரிந்தன, இதுவரை எத்தனை வெளியே வந்தன என்று வரிசையாகக் கேட்டார். பிறகு, "மேடம், விடாம முக்க ஆரம்பிச்சு எவ்வளவு நேரமாச்சு? முதல் குட்டி வர்றதுக்கு முன்னாடியே பச்சையா ஏதாச்சும் வந்துச்சா?" என்று கேட்டார். பதற்றத்தில் இருந்த எனக்கு அப்போது இவை வீண் கேள்விகளாகத் தோன்றின. பிறகு யோசித்துப் பார்த்தால், ஒரு கேள்வியைக்கூட விட்டிருக்க முடியாது.

நாயின் கர்ப்பகாலம் சினைமுட்டை வெளிப்பட்டதிலிருந்து ஏறத்தாழ 63 நாள். இணை சேர்ந்த நாளிலிருந்து கணக்கிட்டால் ஒரு வாரம் வரை முன்பின்னாகலாம். ஏனெனில் ஆணின் விந்தணு பெண் நாயின் உடலில் பல நாட்கள் உயிரோடு இருக்கும். ஆகவே தேதியை மட்டும் நம்ப முடியாது, வெப்பமானியும் வேண்டும். வழக்கமாக 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும் ஆசனவாய் வெப்பம், ஈனுவதற்கு முந்தைய ஒரு நாளுக்குள் 99 டிகிரிக்குக் கீழே இறங்கும். அப்படி இறங்கி 24 மணி நேரம் கடந்தும் வலி தொடங்கவில்லை என்றால் அதுவே மருத்துவரிடம் செல்லப் போதுமான காரணம். மூச்சிரைப்பு, அலைச்சல், துணியைப் பிறாண்டிப் படுக்கை அமைத்தல், உணவை மறுத்தல் ஆகியவை முதல் கட்டம். அது 6 முதல் 12 மணி நேரமும், தலைச்சன் ஈற்றில் சில வேளை அதற்கு மேலும் நீடிக்கும். அந்தக் கட்டத்தில் அவசரப்பட வேண்டியதில்லை. ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் இடையில் தாய் அமைதியாகப் படுத்து இரண்டு மணி நேரம் வரை ஓய்வெடுப்பதும் இயல்பே. ஆனால் அரை மணி நேரம் விடாமல் பலமாக முக்கியும் குட்டி வரவில்லை என்றால் ஏதோ தடுக்கிறது என்று பொருள். பச்சை நிறக் கசிவைப் பற்றிய கேள்வியும் அதே அளவுக்கு முக்கியமானது. நஞ்சுக்கொடி கருப்பையிலிருந்து பிரியும்போது அந்த நிறமி வெளிப்படுகிறது. முதல் குட்டி பிறந்த பிறகு அது வருவதில் வியப்பில்லை. அதற்கு முன்பே வந்தால், உள்ளே ஏதோ ஒரு குட்டிக்கு ஆக்சிஜன் குறையத் தொடங்கிவிட்டது.

எங்கள் நாய்க்கு முதல் குட்டி வீட்டிலேயே சிக்கலின்றிப் பிறந்திருந்தது. இரண்டாவதற்கு முக்கல் தொடங்கி அரை மணி நேரத்தைத் தாண்டியிருந்தது. கேட்டு முடித்ததும் அந்தப் பெண் சொன்னவை நான்கே விஷயங்கள்: உள்ளே கை விட்டு இழுக்கக் கூடாது, மருந்துக் கடையிலிருந்து எந்த ஊசியும் வாங்கிப் போடக் கூடாது, பிறந்த குட்டியைத் துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியோடு தனிப் பெட்டியில் கொண்டுவர வேண்டும், குளிர்ந்து போயிருந்தால் சூடேறும்வரை பால் புகட்டக் கூடாது. குளிர்ந்த உடம்பில் குட்டியின் குடல் இயங்காது என்பதால், புகட்டிய பால் செரிக்காமல் கேடு செய்யும். நாங்கள் புறப்படும்போதே அறுவை சிகிச்சை மருத்துவரை எழுப்பிவிடுவதாகவும் அவர் சொன்னார். சொன்னபடியே செய்திருந்தார்.

(செல்லப்பிராணிகளை ஏற்றும் வாடகைக் கார்களை அந்த நேரத்தில் நம்பியிருக்க வேண்டாம். எங்களை ஏற்றிச் சென்றது ஓர் ஆட்டோ. மீட்டருக்கு மேல் ஓட்டுநர் கேட்டதைக் கொடுக்க எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை.)

மருத்துவர் முதலில் செய்தது கையுறை அணிந்து உள்பரிசோதனை, அடுத்து ஸ்கேன். வயிற்றில் இருக்கும் குட்டியின் இதயம் நிமிடத்துக்கு 200 முறைக்கு மேல் துடித்தால் நலம். 180-க்குக் கீழே இறங்கினால் அது தவிக்கிறது. 160-ஐயும் விட்டு இறங்கினால் காத்திருக்க நேரமில்லை. இரண்டாவது குட்டி கழுத்து மடங்கிய நிலையில் இடுப்பெலும்பு வாயிலில் சிக்கியிருந்தது, அதற்குத் துடிப்பே இல்லை. பின்னால் இருந்த இரண்டுக்கும் துடிப்பு குறைந்துகொண்டிருந்தது. வழுவழுப்பான களிம்பைச் செலுத்தி, தாய் முக்கும் நேரம் பார்த்து, இறந்த குட்டியை அவர் கையாலேயே பதமாக வெளியே எடுத்தார். அடுத்து என்ன செய்யப் போகிறார் என்பதை எங்களை உட்கார வைத்து விளக்கிவிட்டே தொடர்ந்தார்.

அந்த விளக்கத்துக்காகவே இவர்களுக்குக் கூடுதல் மதிப்பெண் தருவேன். ஆக்சிடோசின் ஊசி போட்டால் வலி வந்துவிடுமே என்று கேட்டேன், ஏனென்றால் உறவினர் ஒருவர் வீட்டில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். மாட்டுக்குப் பால் சுரக்கப் போடும் பழக்கத்தால் நம்மில் பலருக்கு அந்த மருந்தின் பெயர் தெரியும், அதன் ஆபத்து தெரியாது. வழி அடைபட்டிருக்கும்போது அதைப் போட்டால் கருப்பை அடைப்பை எதிர்த்துச் சுருங்கிக் கிழியலாம். எஞ்சியிருக்கும் குட்டிகளின் நஞ்சுக்கொடியும் முன்கூட்டியே பிரிந்துவிடலாம். வழி திறந்திருக்கிறது, குட்டி சரியான அளவில் இருக்கிறது, கருப்பை மட்டும் களைத்துவிட்டது என்று பரிசோதித்து உறுதிசெய்த பிறகே, மிகச் சிறிய அளவில், பெரும்பாலும் கால்சியத்தோடு சேர்த்து அதைத் தருகிறார்கள். கால்சியத்தையும் இதயத் துடிப்பைக் கவனித்தபடி மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். எங்கள் நாய்க்கு வழி இப்போது திறந்துவிட்டது. ஆனால் எஞ்சிய குட்டிகளின் துடிப்பு இறங்கிக்கொண்டிருந்ததால் மருந்தை நம்பிக் காத்திருக்க அவர் விரும்பவில்லை. சிசேரியன் என்று முடிவாயிற்று. ஊசி போட்டு அனுப்பிவிடுவதும் பார்த்தவுடன் கத்தியை எடுப்பதும் இந்த நகரத்தில் நடக்கின்றன. இவர் அளந்து பார்த்து, காரணம் சொல்லி முடிவெடுத்தார்.

மயக்க மருந்தைப் பற்றியும் கேளுங்கள். தாய்க்குத் தரும் மருந்து நஞ்சுக்கொடி வழியே குட்டிகளையும் அடைவதால் அவை மயங்கிய நிலையிலேயே வெளியே வருகின்றன. புரோபோஃபால் கொடுத்து மயக்கி, ஐசோஃப்ளூரேன் வாயுவில் அந்த மயக்கத்தைத் தொடரும் முறையில் குட்டிகள் விரைவில் தெளிகின்றன. சைலசின் என்ற மயக்க மருந்து சேர்ந்த பழைய ஊசிகளில் குட்டிகள் பிழைப்பது குறைவு. இங்கே வாயு மயக்கக் கருவி இருந்தது, தொடங்குமுன் தாய்க்கு முகமூடி வழியே ஆக்சிஜனும் கொடுத்தார்கள். குட்டிகளைப் பெற்றுக்கொள்ள ஆளுக்கு ஒன்றாக இரண்டு உதவியாளர்கள் நின்றனர். மூக்கிலும் வாயிலும் இருந்த சளியைச் சிறு ரப்பர்க் குமிழால் உறிஞ்சி எடுத்து, சூடான துண்டால் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்கள். குட்டியைத் தலைகீழாகப் பிடித்து வீசி ஆட்டும் பழைய வழக்கத்தை அவர்கள் தொடவில்லை. அது மூளையில் இரத்தக்கசிவை உண்டாக்கலாம். இரண்டு குட்டிகளும் உயிரோடு எங்கள் கைக்கு வந்தன.

அறுவையின்போதே கருப்பையையும் அகற்றிவிடலாமா என்று கேட்டு, எழுத்தில் சம்மதம் பெற்றார்கள். பால் சுரப்பதற்குக் கருப்பையோ சினைப்பையோ தேவையில்லை என்பதை எங்களுக்குப் புரியும்படி சொன்னதால் தயங்காமல் கையெழுத்திட்டோம். தெருவில் நாய்க்குட்டிகள் மலிந்துகிடக்கும் ஊரில் இன்னோர் ஈற்றுக்கு எங்களுக்கு ஆசையும் இல்லை.

இனி குறைகள். காத்திருக்கும் கூடம் ஒன்றே ஒன்றுதான். ஒருபுறம் நாங்கள் பிறந்த குட்டியோடு உட்கார்ந்திருக்க, நான்கடி தள்ளி இரத்தக் கழிச்சலோடு ஒரு நாய்க்குட்டி படுத்திருந்தது. அது பார்வோவாக இருக்கலாம் என்று அங்கிருந்த உதவியாளரே சொன்னார். பார்வோ வைரஸ் தரையிலும் துணியிலும் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கக்கூடியது. வீட்டில் தரை துடைக்கும் பல கிருமிநாசினிகளுக்கு அசையாது, பிளீச்சிங் கரைசலுக்குத்தான் அடங்கும். தடுப்பூசி போட்ட தாயின் சீம்பாலைக் குடித்த குட்டிக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. ஆனால் எங்கள் குட்டி அப்போது சரியாகப் பால்கூடக் குடித்திருக்கவில்லை. கட்டடத்துக்குப் பக்கவாட்டில் இன்னொரு வாசல் இருக்கிறது, ஊழியர்கள் வண்டி நிறுத்த அதைப் பயன்படுத்துகிறார்கள். பிரசவத்துக்கு வரும் நாய்களை அவ்வழியே அழைத்துக்கொள்ளச் செலவு எதுவும் ஆகாது.

கட்டணம் அதிகம்தான், ஐந்து இலக்கத் தொகை. மதிப்பீட்டை முன்கூட்டியே எழுத்தில் கொடுத்தார்கள், இறுதி ரசீதும் அதை மீறவில்லை. ஆனால் மருத்துவர் நாயை உள்ளே அழைத்துச் சென்ற பிறகும், முழு முன்பணத்தையும் அப்போதே கட்டச் சொல்லிக் கணக்காளர் நின்ற விதம் பண்பாக இல்லை.

எல்லாவற்றிலும் பெரிய குறை, வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாள். ஆங்கிலத்தில் மருந்துகளின் பெயரும் வேளையும் மட்டுமே அதில் இருந்தன. சிறிய இன நாய்களுக்கு ஈன்ற முதல் நான்கு வாரங்களில் வரக்கூடிய கால்சியக் குறைவு நோயைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பால் கொடுக்கும் தாய் மூச்சிரைத்து, கால் விறைத்து, உடல் நடுங்கி, காய்ச்சல் ஏறி வலிப்புக்குப் போய்விடும். சில மணி நேரத்தில் உயிரையும் பறிக்கும். அத்தகைய நடுக்கத்தைக் கண்டால் குட்டிகளைப் பிரித்துவிட்டு உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். கர்ப்பகாலத்தில் நாமாகக் கால்சியம் மருந்து கொடுத்துவந்தால் நோய் வரும் வாய்ப்பு கூடும் என்பதையும் அந்தத் தாளிலேயே சொல்லியிருக்கலாம். குட்டிகளின் பெட்டியை முதல் வாரம் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைப்பது, நாள்தோறும் எடை பார்ப்பது, நாற்றமடிக்கும் கசிவைக் கவனிப்பது ஆகியவற்றை நான் தொலைபேசியில் திரும்பத் திரும்பக் கேட்டே தெரிந்துகொண்டேன். முதலில் பேசிய அதே பெண்தான் சலிக்காமல் பதில் சொன்னார். காலைப் பணிக்கு வந்த வேறொரு மருத்துவருக்கோ இரவில் நடந்தது எதுவும் தெரியவில்லை. தையலைக் காட்டி நானே கதையைச் சொல்ல வேண்டியிருந்தது.

இணையத்தில் விற்கும் ஆயத்தப் பிரசவப் பெட்டி ஒன்றையும் வாங்கி வைத்திருந்தேன். ரப்பர்க் குமிழும் வெப்பமானியும் பயன்பட்டன. தொப்புள்கொடிக் கவ்விகள் எங்கள் குட்டிக்கு மிகவும் பெரியவை. கொதிநீரில் போட்டெடுத்த பருத்தி நூலால் வயிற்றிலிருந்து ஒரு விரற்கடை தள்ளிக் கட்டியதே வசதியாக இருந்தது. உள்ளே இருந்த பால்மாவும் பாட்டிலும் தேவைப்படவில்லை. இவற்றையெல்லாம் தனித்தனியாக வாங்கினால் பாதிப் பணம் மிச்சமாகும்.

பகல் நேரத்தில் சிக்கல் நேர்ந்தால் ஹெப்பாளில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும் குயின்ஸ் சாலை அரசு கால்நடை மருத்துவமனையும் செலவு குறைந்த வழிகள். 1962 என்ற எண்ணை அழைத்தால் வரும் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி பெரும்பாலும் ஆடு மாடு வளர்ப்போருக்கானது. நள்ளிரவில் நாயின் பிரசவத்துக்கு அதை நம்பியிருக்க வேண்டாம். பக், புல்டாக் போன்ற தட்டை முகநாய்களை வளர்ப்பவர்கள் வலி வரும்வரை காத்திருக்காமல், 55 நாளுக்குப் பிறகு எக்ஸ்ரே எடுத்துக் குட்டிகளை எண்ணி, அறுவைக்கான நாளை மருத்துவரோடு முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது. அந்த எக்ஸ்ரேக்குப் போகும் பகலிலேயே, இரவில் யார் பணியில் இருப்பார், அறுவை செய்யக்கூடியவர் எவ்வளவு நேரத்தில் வருவார், வாயு மயக்கக் கருவி இயங்குகிறதா என்ற மூன்றையும் வரவேற்பு மேசையில் கேட்டுவிடுங்கள். நான் சென்ற இடத்தில் இந்த மூன்றுக்கும் தயங்காமல் பதில் கிடைத்தது.