ஹிக்கடுவை ரீஃபுக்கு அலை முன்னறிவிப்பு: வெள்ளவத்தையிலிருந்து ஆறு பருவ அனுபவம்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மரைன் டிரைவ், ரயில் பாதை, அதற்கு அப்பால் கடல் எல்லாம் தெரியும். ஆனால் நான் சர்ஃபிங் போர்டைத் தூக்கிக்கொண்டு போகும் அலை இங்கே இல்லை. தெற்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளி, ஹிக்கடுவையில், கடலடியில் பாறையும் முருகைக்கல்லும் கலந்த பாரின், அதாவது ரீஃபின், மேல் அது உடைகிறது. மெயின் ரீஃப் என்றால் அங்கே எல்லோருக்கும் தெரியும். கரையோரம் குடியிருக்கிறவர்கள் காலையில் எட்டிப் பார்த்துவிட்டு இறங்கலாம். கொழும்பிலிருந்து போகிறவனுக்கு முந்தின இரவே தெரிந்தாக வேண்டும். கணக்குத் தப்பினால் ஒரு லீவு நாள் வீண்.

2019 நவம்பரிலிருந்து இந்த முன்னறிவிப்புகளைப் பார்த்து வருகிறேன். முதல் பருவம் 2020 மார்ச் ஊரடங்கோடு பாதியில் நின்றது. 2022இல் கியூஆர் காட்டி அளந்து பெற்றோல் வாங்கிய காலத்தில்தான் உண்மையில் கவனமாகப் பார்க்கப் பழகினேன். தவறான நாளில் போனால் அடுத்த பயணத்துக்கு எரிபொருள் இருக்காது. அப்போது ஒரு கொப்பி போட்டேன். இடப்பக்கம் முந்தின இரவு செயலி சொன்னது, வலப்பக்கம் தண்ணீரில் நான் கண்டது. இங்கே எழுதுவதெல்லாம் அந்தக் கொப்பியில் இருந்துதான்.

புதிதாகப் பார்க்கிறவர்களின் கண் முதலில் போவது அலையின் உயரத்துக்கு. என் கண்ணும் அங்கேதான் போனது. ரீஃபுக்கு உயரம் கடைசியாகப் பார்க்க வேண்டிய எண். முதலில் பார்க்க வேண்டியது பீரியட், அதாவது ஒரு முகடு கடந்து அடுத்த முகடு வர எடுக்கும் விநாடிகள். கொப்பியில் ஒரே பக்கத்தில் இரண்டு பதிவுகள் உள்ளன. முதலாவது 1.5 மீட்டர், 7 விநாடி. வலப்பக்கத்தில் "குழம்பிய தண்ணீர், பார் வேலை செய்யவில்லை, ஒரு மணித்தியாலத்தில் ஏறிவிட்டேன்" என்று இருக்கிறது. இரண்டு கிழமை கழித்து 1 மீட்டர், 15 விநாடி. உயரம் குறைவுதானே என்று பெரிய எதிர்பார்ப்பு இல்லாமல் போனேன். தலைக்கு மேல் வந்தது. இரண்டு பக்கமும் சுத்தமாகப் பிரிந்து ஓடியது. அன்றைக்கு வலப்பக்கத்தில் இடம் போதாமல் ஓரத்திலும் எழுதியிருக்கிறேன்.

காரணம் எளிது. ஆழ்கடலில் அலையின் நீளம், பீரியடின் வர்க்கத்தை 1.56ஆல் பெருக்கினால் மீட்டரில் வரும். 7 விநாடி அலைக்கு 76 மீட்டர், 15 விநாடி அலைக்கு 351 மீட்டர். தன் நீளத்தில் பாதியளவு ஆழம் வந்ததும் அலைக்குக் கடலடி தட்டுப்படத் தொடங்கும். குட்டை அலைக்கு அது 38 மீட்டர் ஆழத்தில். நீண்ட அலைக்கோ 175 மீட்டரிலேயே. அங்கிருந்தே அது வேகம் குறைந்து, கடலடிக்கு ஏற்றபடி வளைந்து, பாருக்கு வரும்போது நிமிர்ந்து எழும்பும். செயலி காட்டும் 1 மீட்டர் என்பது வெளியே ஆழக்கடலில் உள்ள ஒரு புள்ளிக்கான கணக்கு. பாரின் மேல் அது என்னவாகும் என்பதை அந்த எண் சொல்லாது.

அந்த வெளிப்புள்ளிக் கணக்கைச் சரிபார்க்க எனக்கு ஒரு வழி கிடைத்தது. இரவு பத்து மணிக்குப் பிறகு மரைன் டிரைவில் வாகனம் குறைந்ததும் ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துக் கருங்கற்களில் கடல் மோதுவது கேட்கும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மோதல்களை எண்ணுவேன். சாதாரண நாளில் ஆறு, ஏழு விநாடிக்கு ஒன்று, ஒழுங்கில்லாமல் வரும். தெற்கிலிருந்து நீண்ட ஸ்வெல், அதாவது தூரக் கடலில் பிறந்து வரும் அலை, வந்து சேரும் இரவில் சத்தமே வேறு. ஒரு கனத்த அடி, பிறகு நீண்ட இடைவெளி, கல்லிடுக்குகளிலிருந்து தண்ணீர் வழிந்து இறங்கும் ஓசை, மறுபடி அடி. பத்து மோதலை எண்ணி நேரத்தைப் பத்தால் வகுத்தால் 14, 15 வரும். செயலியும் அதையே காட்டினால் பையைக் கட்டலாம்.

அடுத்தது திசை. ஹிக்கடுவைக் கரை தென்மேற்கை ஒட்டிப் பார்க்கிறது. 210, 220 பாகையில் (180 என்றால் நேர் தெற்கு) வரும் ஸ்வெல் நேரே விழும். 185 பாகையில் வருவது கரையோரமாக வழுக்கிப் போய் பாதி பலத்தோடுதான் பாருக்கு வரும். அப்படிப்பட்ட நாளில் இன்னும் கீழே, தெற்கைப் பார்த்த மிதிகமவுக்குப் போவதே மேல். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு பருவம் ஆனது.

எத்தனை நாள் முன்னால் நம்பலாம் என்று நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அலைக்கும் காற்றுக்கும் பதில் வேறு வேறு. நமக்கு வரும் நல்ல ஸ்வெல் தெற்கே 40, 50 பாகை அகலாங்கில் புயற்காற்றில் பிறக்கிறது. 15 விநாடி அலைக்கூட்டம் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 42 கிலோமீட்டர், நாளொன்றுக்கு 1000 கிலோமீட்டர் வேகத்தில் வரும். அங்கிருந்து இலங்கைக்கு ஐந்து, ஆறு நாள். ஆகவே ஞாயிறு பிறந்த அலை வெள்ளி, சனி வரும் என்று சொல்வது வழியில் இருக்கும் ரயிலுக்கு நேரம் சொல்வது மாதிரி. பெரும்பாலும் சரியாக இருக்கும், தப்பினால் அரை நாள் முன்பின். 18 விநாடி அலைகள் வேகம் கூடியவை என்பதால் அவை முதலில் வந்துவிடும். உயரம் அரை மீட்டர்கூட இல்லாமல் 18 என்று காட்டினால் பின்னால் பெரியது வருகிறது என்று அர்த்தம். பத்து நாள் கழித்து வரும் ஸ்வெல் என்றால் அந்தப் புயலே இன்னும் பிறந்திருக்காது. அதை நம்பி லீவு போடாதீர்கள்.

காற்றை நான் இரண்டு நாளுக்கு மேல் நம்புவதில்லை. அந்த இரண்டு நாளிலும் விடியற்காலைக் காற்றில்தான் முன்னறிவிப்பு அதிகம் தடுமாறுகிறது. எங்களுக்கு வேண்டியதும் அந்த நேரந்தான். வடகீழ்ப் பருவத்தில் இரவில் நிலம் குளிர்ந்ததும் கரையிலிருந்து கடலுக்குக் காற்று வீசும். அலையின் முகத்தை அது சீவிவிட்டதுபோல ஒழுங்காக்கும். ஒன்பது, பத்து மணி வாக்கில் அது ஓய்ந்து கடற்காற்று ஏறும், தண்ணீர் சுருக்கம் விழும். செயலிகள் வானிலை மாடல்களிலிருந்து கணக்கை எடுக்கின்றன, அவை உலகத்தைக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும். ஜிஎஃப்எஸ் என்ற அமெரிக்க மாடலின் ஒரு கட்டம் ஏறக்குறைய 13 கிலோமீட்டர், ஐரோப்பிய மாடலுடையது 9. கரையோரத்தில் ஒரே கட்டத்துக்குள் பாதி தென்னந்தோப்பு, பாதி கடல். அந்த மெல்லிய நிலக்காற்று சராசரியில் கரைந்து போகிறது.

ஒரு டிசம்பர் இரவு நான் போகவேண்டாம் என்று முடிவெடுத்துக் கைபேசியை மேசையில் வைத்தேன். மேற்குக் காற்று என்று காட்டியிருந்தது. அப்பா வல்வெட்டித்துறைக்காரர், சர்ஃபிங் பற்றி ஒன்றும் தெரியாது. திரையைப் பார்த்துவிட்டு, "தம்பி, உதில காட்டுறது கச்சான். மழையில்லாத வாடை நாளில விடியக் கொண்டல்தான் அடிக்கும், நீ போ" என்றார். போனேன். எட்டே முக்கால் வரை கீழ்க்காற்று, கண்ணாடி மாதிரித் தண்ணீர். அதற்குப் பிறகு செயலி சொன்ன மேற்குக் காற்று வந்தது. செயலியும் தவறவில்லை, அதற்கு விடியல் மட்டும் பிடிபடவில்லை.

இதில் கொழும்புக்காரர்களுக்கு ஒரு சங்கடம். கோட்டையில் ரயில் ஏறினால் ஹிக்கடுவைக்கு இரண்டு, இரண்டரை மணித்தியாலம். இறங்கி நடந்து மெழுகு தேய்த்துத் தண்ணீரில் இறங்கும்போது நல்ல காற்று முடியும் நேரம். மோட்டார் சைக்கிளை அதிவேகப் பாதையில் விடமாட்டார்கள், காலி வீதியில்தான் போக வேண்டும். நண்பனின் காரில் நாலு மணிக்குப் புறப்பட்டு அதிவேகப் பாதையில் போய்ப் பத்தேகமவில் இறங்குவோம், இல்லையென்றால் முந்தின இரவே போய்த் தங்குவேன்.

சரி, எதைப் பயன்படுத்துகிறேன் என்று சொல்கிறேன். தொடக்கத்தில் மேஜிக்சீவீட் பார்த்தேன். 2023இல் அது சர்ஃப்லைனோடு சேர்ந்துவிட்டது. இப்போது தினமும் திறப்பது விண்டி. ஸ்வெல் 1, ஸ்வெல் 2 என்று பிரித்துக் காட்டுவது பெரிய உதவி. மொத்த உயரம் 1.6 என்றால் அதில் எவ்வளவு நீண்ட ஸ்வெல், எவ்வளவு உள்ளூர்க் காற்றலை என்பது தெரிந்துவிடும். இரண்டு மாடலும் ஒன்றையே சொன்னால் நம்பிக்கை கூடும். விண்ட்குருவின் அட்டவணையை ஒரே பார்வையில் படித்துவிடலாம், டேட்டாவும் குறைவு. அங்கே நட்சத்திரம் காற்றின் பலத்துக்கு. பாய் கட்டி ஓடுகிறவர்களுக்கான அடையாளம் அது. நட்சத்திரம் கூடினால் நமக்கு நல்லதல்ல.

ஒரு செயலிக்கு வருடச் சந்தா கட்டினேன். பெயர் வேண்டாம். ரீஃபுக்கும் பக்கத்து நாரிகம மணற்கரைக்கும் ஒரே மதிப்பெண் போட்டது. நேரத்தையும் ஒரு புதுப்பித்தலுக்குப் பிறகு உலக நேரத்தில் காட்டத் தொடங்கியது. அதில் 6 என்றால் இங்கே காலை பதினொன்றரை. அதைக் கவனிக்காமல் மூன்று பயணம் கெட்டது. எந்தச் செயலியானாலும் முதலில் அது எந்த நேரத்தைக் காட்டுகிறது என்று பாருங்கள்.

வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடற்பரப்பு அறிவித்தல் மீனவர்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அதைத் தமிழில் படிக்கலாம். புத்தளத்திலிருந்து கொழும்பு, காலி ஊடாக மாத்தறை வரையான பகுதி நம்முடையது. "கொந்தளிப்பாக" என்று வந்தால் நான் வேறு எதையும் திறப்பதில்லை.

மின்னல் பற்றியும் அவர்கள்தான் எச்சரிக்கிறார்கள். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். மார்ச், ஏப்ரலில் தெற்கு ஸ்வெல் பலக்கத் தொடங்கும், பின்னேரம் இடி மழையும் அப்போதுதான். ஒரு ஏப்ரலில் மதியம் இரண்டு மணிக்குச் செயலி காட்டியது 0.4 மில்லிமீட்டர் மழை. பத்தேகமப் பக்கம் வானம் கத்தரிப்பூ நிறமாகி முதல் உறுமல் கேட்டது. திரும்பத் துடுப்பிட்டுக் கரையில் கால் வைத்தபோது பாருக்கு வெளியே ஒரு வெள்ளைக் கோடு இறங்கியது. போர்டைப் பிடித்திருந்த கை வெகு நேரம் நடுங்கியது. இடி எங்கே விழும் என்று எந்த மாடலும் இடஞ்சுட்டிச் சொல்லாது. ஏப்ரலில் நண்பகலுக்கு முன் ஏறிவிடுகிறேன்.

வற்றுப்பெருக்கு இங்கே அரை மீட்டர் அளவுதான், பார்க்கத் தேவையில்லை என்பார்கள். மணற்கரைக்குச் சரி. பாரின் மேல் அந்த அரை மீட்டர், போர்டின் அடித்துடுப்புக்கும் கல்லுக்கும் இடையிலான தூரம். எங்களுக்கு லீவு கிடைக்கும் போயா நாளில் நிலவு முழுமை, ஆகவே வற்றும் அதிகம். மூக்குத்தி முள் மாதிரி உடைந்த மூன்று மூரை (கடல் முள்ளெலி) முட்கள் என் இடது குதிகாலில் ஏறியது ஒரு போயா காலைதான். விண்டியிலேயே வற்றுப்பெருக்கு வரைபடம் இருக்கிறது, அதைத் திறந்து பார்க்காதது என் தவறு. இப்போது கொப்பியில் அதற்கு ஒரு தனிப் பத்தி.

இந்தப் பருவத்தின் கடைசிப் பதிவு: 1.1 மீட்டர், 14 விநாடி, 215 பாகை, ஐரோப்பிய மாடலில் வடகிழக்கு 6 நொட். வலப்பக்கம்: "ஆறேகாலுக்கு இறங்கினேன். நெஞ்சளவு, செட் (அடுத்தடுத்து வரும் பெரிய அலைகள்) வந்தால் தலையளவு. ஒன்பது இருபதுக்குக் காற்று மாறியது. வற்று காரணமாக இடப்பக்கம் ஓடும் அலையை எடுக்கவில்லை. மேல் விளிம்பில் மழைமேகம், நாலு பேர் மட்டும்."