மழைக்குச் சாங்கி, அம்மாவுக்கு ஒரு வராந்தா

பள்ளி விடுமுறைக்கு மலேசியாவின் ஜோகூர் போகலாம் என்றுதான் முதலில் பேச்சு. அம்மாவுக்கு முழங்கால் வலி. டிசம்பர் வாரயிறுதியில் உட்லண்ட்ஸ் எல்லைச் சோதனைச்சாவடி நெரிசலில் அவரை மணிக்கணக்காகக் காக்க வைக்க எனக்கு மனமில்லை. சரி, சிங்கப்பூரிலேயே சாங்கி வில்லேஜ் போதும் என்று கடலோர சாலே (விடுமுறைத் தங்குமிடம்) ஒன்றை இரண்டு இரவுக்கு எடுத்தோம். தெம்பனீஸிலிருந்து 29ஆம் எண் பேருந்து நேரே அங்கே போய் நிற்கிறது.

வெள்ளிக்கிழமை மதியம் பிடித்த மழை, ஞாயிறு காலைவரை விட்டுவிட்டுப் பெய்தது. வடகிழக்குப் பருவமழை அப்படித்தான்.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். அறையில் ஈரவாடை, குளிர்சாதனம் இரண்டு மணி நேரம் ஓடிய பிறகுதான் அடங்கியது. ஐந்து பேருக்கு நான்கு துண்டுகள். இதெல்லாம் பரவாயில்லை. ஆனால் குளியலறை வாசலில் உயரமான ஒரு படி, பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. ஒவ்வொரு முறையும் அம்மாவை நான்தான் கைபிடித்து இறக்கினேன். வயதானவர்களோடு போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

ஆனால் அந்த வராந்தாவுக்காக எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். தரைத்தளம், எதிரே புல், அதைத் தாண்டிக் கடல். மழை வரும்போது முதலில் எதிர்த் தீவான புலாவ் உபின் மறையும். அப்புறம் படகுகள். கடைசியில் புல்வெளி ஓரத்து மரங்கள் மட்டும் நிற்கும். மேகத்துக்குள்ளிருந்து விமான விளக்குகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்து வரும். அம்மா வளர்ந்தது செம்பவாங்கில், தகரக் கூரை வீட்டில். இப்போது எங்களோடு பதினோராவது மாடி வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருக்கிறார். "அங்கே மழையைப் பார்க்கத்தான் முடியுது, மண்ணுல விழுற சத்தம் கேக்கறதில்ல" என்றார். இத்தனை வருடம் எனக்கு இது தோன்றவே இல்லை. தே ஹாலியா (இஞ்சித் தேநீர்) ஆறிப்போகும்வரை பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை. சாங்கி வில்லேஜ் உணவங்காடி நிலையத்தில் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) கடைகள் பல. மழை என்பதால் வரிசை குட்டை. கோழி சுடச்சுட வந்தது, சம்பலில் இனிப்புக் கொஞ்சம் தூக்கல். அம்மாவுக்குச் சனிக்கிழமை சைவம். ஸ்ரீ ராமர் கோயில் பக்கத்திலேயே இருப்பதால் குடை பிடித்து மெதுவாக நடந்தே போய், ஆஞ்சநேயரைக் கும்பிட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார்.

உபின் படகு 12 பேர் சேர்ந்தால்தான் கிளம்பும், ஆளுக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). காத்திருக்க மனமில்லை என்றால் 48 வெள்ளி கட்டிவிட்டு உடனே போகலாம். நாங்கள் ஐந்து பேர் முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். அப்புறம் இடி இடித்தது, திரும்பிவிட்டோம். பிள்ளைகளுக்கு ஏமாற்றம்தான். மழைநாளில் உபினை நம்பித் திட்டம் போடாதீர்கள். கடலோர நடைபாதை 2.2 கிலோமீட்டர் நீளம். மரப்பலகைகள் நனைந்தால் வழுக்கும். அம்மாவோடு படகுத்துறைப் பக்கம் கொஞ்ச தூரம் மட்டும் நடந்தோம்.

பதிவு செய்யும்போது 'தரைத்தளம், கடல் பக்கம்' என்று அழுத்திக் கேளுங்கள். மேல்தளம் கிடைத்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். மார்ச் விடுமுறைக்கு மறுபடி போகலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "மார்ச் வேணாம்மா, மழை இருக்குமோ என்னமோ. அடுத்த டிசம்பருக்கே போட்டுடு" என்கிறார்.